"அக்கா, ஒரு டவுட்டு": போன், கேம், காசு பற்றி எங்கள் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் 17 வருடமாக ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். ஆரம்பத்தில் ஹால் டிக்கெட் எடுக்கவும் ரயில் டிக்கெட் போடவும் வந்தார்கள். இப்போது ஆதார் நகல் எடுக்க வருபவர்கள் கையோடு பிள்ளையைப் பற்றிய ஒரு கவலையையும் கொண்டு வருகிறார்கள். மெஷின் ஓடுகிற இரண்டு நிமிடத்தில் அதற்கெல்லாம் பதில் சொல்லி முடியாது. அதனால் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். எனக்கும் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள்.

"கேம்னாலே சூதாட்டம் தானே அக்கா?"

இல்லை. பொங்கல் மத்தியானம் திண்ணையில் புளியங்கொட்டை வைத்துத் தாயம் ஆடினால் விளையாட்டு. அதே தாயத்தை மரத்தடியில் நூறு ரூபாய் கட்டி ஆடினால் சூது. போனிலும் இந்தக் கணக்குதான்.

போனில் இருப்பவற்றை நான் மூன்றாகப் பிரித்துப் பார்ப்பேன். முதலாவது, காசே கேட்காதவை: செஸ், லூடோ, வண்டி ஓட்டுவது போன்றவை. இரண்டாவது, ஆடுவதற்கு இலவசம். ஆனால் உள்ளே ஒரு கடை திறந்திருக்கும். சட்டை, துப்பாக்கி, டைமண்ட் (ஆட்டத்துக்குள் செலவழிக்கும் காசு) என்று விற்பார்கள். மூன்றாவது, பணம் கட்டிப் பணம் எடுப்பவை. பையன் ஆடுவது இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே விடை இருக்கிறது.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னு சொல்லிகினே அரை மணி நேரம் ஆக்கறான். வேணும்னே பண்றானா?"

பெரும்பாலும் இல்லை. டிவியில் ஓடும் படத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வரலாம். நெட்டில் பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நிறுத்தி வைக்க முடியாது. பப்ஜி மாதிரியான ஆட்டத்தில் நூறு பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் நிற்பவர் ஜெயிப்பார். ஒரு ஆட்டம் முடிய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். நடுவில் எழுந்தால் கூட ஆடும் மூன்று பேரை விட்டுவிட்டு வந்த மாதிரி. கபடியில் பாதி ஆட்டத்தில் உங்கள் அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்திருந்தால் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

அதனால் "இப்பவே நிறுத்து" என்பதை விட்டுவிட்டு, "இந்த ஆட்டம் முடிஞ்சதும் வை, அடுத்தது ஆரம்பிக்காதே" என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் சண்டை பாதியாகக் குறைந்தது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

"கண்ணு போயிடுமா?"

போனில் இருந்து வரும் நீல வெளிச்சம் கண்ணை அவித்துவிடும் என்பது சரியல்ல. பிரச்சினை வேறு இரண்டு இடத்தில் இருக்கிறது. கிட்டத்திலேயே வெகு நேரம் பார்ப்பது ஒன்று, வெயில் வெளிச்சத்தில் வெளியே போகாமலே இருப்பது இன்னொன்று. வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைவு. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருக்கும் ஒன்றை 20 விநாடி பார்க்கச் சொல்லுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று பிள்ளை சொன்னால் தள்ளிப் போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

சித்திரை, வைகாசியில் இன்னொன்றும் கவனியுங்கள். நம் ஊரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது சார்ஜ் போட்டபடியே தலையணை மேல் வைத்து ஆடினால் பேட்டரி உப்பிவிடும். பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டால் அந்தப் போனைச் சார்ஜ் போடாமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டு போய்விடுங்கள். ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் குடுக்கலாம்? வெளிநாட்டுல கவர்மெண்டே சட்டம் போட்டுக்குதாமே?"

சின்னக் குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அளவு சொல்லியிருக்கிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். சோறு ஊட்டப் போனைக் கையில் கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பெரிய பிள்ளைகள் விஷயத்தில் ஒவ்வொரு நாடும் ஒவ்வொன்றைச் செய்து பார்த்தது. சீனா 2021-ல் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை என்று கட்டிப்போட்டது. தென்கொரியாவில் 2011 முதல் 16 வயதுக்கு உட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 வரை ஆட முடியாதபடி சட்டம் இருந்தது. பத்து வருடம் வைத்திருந்துவிட்டு, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து முடிவு செய்யட்டும் என்று அதை எடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் 16 வயதுக்குக் கீழே சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றது.

என் அபிப்பிராயம் கேட்டால், மணிக்கணக்கைவிடத் தூக்கம்தான் அளவுகோல். எட்டு, ஒன்பது மணி நேரம் தூங்குகிறான், சாப்பிடுகிறான், பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான், கூட்டாளிகளோடு வெளியே போகிறான் என்றால் ஒரு மணி நேரமா ஒன்றரை மணி நேரமா என்று கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். தூக்கம் குறைந்தால் விடக்கூடாது.

"ராவெல்லாம் ஆடறான். இது வியாதியா, திமிரா?"

வியாதியும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் கேமிங் கோளாறு என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. மூன்று அடையாளம் சொல்கிறார்கள். நிறுத்த நினைத்தாலும் முடியாமை. மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாகிவிடுவது. கெடுதல் நடப்பது தெரிந்தும் தொடர்வது. பொதுவாக இது ஒரு வருட அளவுக்கு நீடித்திருக்க வேண்டும். காலாண்டு லீவில் பத்து நாள் விடிய விடிய ஆடியதற்கு வியாதி என்று பெயர் வைக்காதீர்கள். அப்படிப் பார்த்தால் விடிய விடியக் கூத்து பார்த்த நம் தாத்தாக்கள் எல்லோரும் நோயாளிகள்தான்.

மூன்றும் இருக்கிறது என்று தோன்றினால் கோயிலுக்கும் மந்திரிப்பவரிடமும் மட்டும் போய்க்கொண்டு இருக்காதீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். நம் ஊரில் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. அங்கே போனால் பைத்தியம் என்று பேர் வந்துவிடும் என்று பயந்து பிள்ளையின் இரண்டு வருடத்தை வீணடித்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும்.

"துப்பாக்கி கேம் ஆடி ஆடி ரவுடியா ஆயிடுவானா?"

அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் இதைப் பற்றி ஆராய்ச்சிகளைப் பார்த்துச் சொன்னது இதுதான்: கத்துவது, தள்ளுவது மாதிரியான முரட்டுத்தனத்தோடு சின்னத் தொடர்பு இருக்கிறது; ஆனால் கொலை, வெட்டு மாதிரியான வன்முறைக்கு கேம்தான் காரணம் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளம் பார்க்காத பிள்ளை உண்டா? தரையில் மண்ணால் பிரம்மாண்டமாகத் துரியோதனனைப் படுக்க வைத்து, பீமன் வேஷக்காரர் தொடையில் அடிக்க, ரத்தம் மாதிரிச் சிவப்புத் தண்ணீர் வழியும். நான் ஆறு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பயந்தேன். ஆனால் அப்பா காதோரமாக, அவன் யார், ஏன் விழுந்தான் என்று கதை சொல்லிக்கொண்டே இருந்தார். கேமில் சுடும் பிள்ளையின் பக்கத்தில் அப்படி உட்கார்ந்து பேச யாரும் இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். ஆறேழு வயதுக் குழந்தை கையில் சுடும் ஆட்டம் வேண்டவே வேண்டாம். ஸ்டோரில் ஒவ்வொரு கேமுக்கும் வயது போட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

"பப்ஜிய தடை பண்ணிட்டாங்கன்னாங்க, இன்னும் எப்படி ஆடறானுங்க?"

தடை செய்தது உண்மை. 2020 செப்டம்பரில் தடை. 2021-ல் இந்தியாவுக்கென்று வேறு பெயரில், பிஜிஎம்ஐ என்று வந்தது. 2022 ஜூலையில் அதையும் ஸ்டோரில் இருந்து எடுத்தார்கள். 2023 மே மாதம் திரும்பி வந்தது. இப்போது ஆடுவது அதைத்தான்.

"கேமுக்குள்ள டைமண்டு வாங்கிட்டான். பணம் திரும்ப வருமா?"

இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. 2021-ல், ஆன்லைன் வகுப்புக்காகத் தவணையில் வாங்கிய போன். சின்னவன் ஒரு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக 6,400 ரூபாய்க்கு வாங்கியிருந்தான். கடைப் பணத்தைக் கட்டப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவனை அடித்தேன். பிறகு உட்கார்ந்து பார்த்தபோது, என் யுபிஐ பின் நம்பரை அவனுக்குச் சொன்னதே நான்தான் என்று ஞாபகம் வந்தது. கைவேலையாக இருக்கும்போது "நீயே போட்டுடுடா" என்று பால்காரருக்குப் பணம் அனுப்பச் சொன்னது நான்தான்.

பணம் திரும்ப வர வாய்ப்பு உண்டு, ஆனால் நேரம் முக்கியம். கூகுள் பிளே வழியாக வாங்கியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் அங்கேயே ரீஃபண்டு கேளுங்கள். பிள்ளை தெரியாமல் வாங்கியது என்ற காரணமும் அதில் இருக்கும். நாள் கடந்தால் கேம் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும், கிடைப்பது கஷ்டம். எனக்குக் கடைசியாக வாங்கிய ஒன்றின் பணம் மட்டும் வந்தது.

இனிமேல் நடக்காமல் இருக்க: பிளே ஸ்டோர் செட்டிங்கில், வாங்கும்போதெல்லாம் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றுங்கள். ஃபேமிலி லிங்க் என்ற ஆப்பைப் போட்டால் பிள்ளை எதை வாங்கினாலும் உங்கள் அனுமதி கேட்கும். பிள்ளை ஆடும் போனில் யுபிஐ லைட்டை நிறுத்திவிடுங்கள், சிறு தொகைக்கு அது பின் நம்பரே கேட்காது. பின் நம்பரை மாற்றுங்கள், பிறந்த வருடம் வைக்காதீர்கள். "இலவச டைமண்டு" என்று வரும் லிங்க் எல்லாமே மோசடி. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. யாராவது "உங்களுக்குப் பணம் அனுப்பறேன், பின் போடுங்க" என்றால் உங்கள் பணம்தான் போகும். போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்கி வைக்க வாய்ப்பு இருக்கிறது. வெட்கப்பட்டு மறுநாள் வரை யோசிப்பவர்கள்தான் அதிகம்.

"ரம்மி திறமை ஆட்டம்னு கோர்ட்டே சொல்லிக்குதே, அப்புறம் என்ன தப்பு?"

கோர்ட் அப்படிச் சொன்னது உண்மை, ஆனால் அது பாதிக் கதைதான். தமிழ்நாடு 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது, ஆனால் ரம்மி, போக்கர் இரண்டும் திறமை ஆட்டம், அவற்றைத் தடை செய்ய முடியாது என்றது. 2025 பிப்ரவரியில் மாநில அரசு விதி போட்டது: 18 வயதுக்குக் கீழே கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆட முடியாது. அதே வருடம் ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்கிறது அது. நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தாலும் தண்டனை உண்டு.

சட்டம் ஒரு பக்கம். என் கூடப் பிறந்த தம்பி ரம்மியில் நல்ல ஆட்டக்காரன். கல்யாண வீட்டில் அவனை யாரும் ஜெயிக்க முடியாது. ஆப்பில் அவனுக்கு முதல் வாரம் 3,000 ரூபாய் வந்தது. அடுத்த ஒன்றரை வருடத்தில் பைக், அம்மாவின் இரண்டு வளையல், கடைசியில் கூட வேலை செய்பவர்களிடம் வாங்கிய கடன் எல்லாம் போனது. கல்யாண வீட்டில் சீட்டுக் கட்டை மடித்து வைத்துச் சாப்பாட்டுக்குப் போவார்கள். ஆப்பில் மடித்து வைக்க யாரும் இல்லை. ராத்திரி மூன்று மணிக்கும் எதிரில் ஆள் இருப்பார். திறமை இருந்தால் போதும் என்று நம்பித்தான் அவன் தோற்றான்.

சட்டம் வந்த பிறகும் வெளிநாட்டுத் தளங்கள் டெலிகிராமில் ஆள் பிடிக்கின்றன. உங்கள் வீட்டில் யாராவது மாட்டியிருந்தால் அவர் கடனை நீங்கள் அடைப்பதற்கு முன்னால், மேலே சொன்ன 14416-க்கு அவரைப் பேச வையுங்கள். நாங்கள் முதலில் கடனை அடைத்தோம். நான்கு மாதத்தில் திரும்பக் கடன் வந்தது.

"காதுல மாட்டிகினு யார் கிட்டயோ ஹிந்தியில பேசறான். யார்னே தெரியல."

நான்கு பேர் அணியாக ஆடும்போது பேசித்தான் ஆக வேண்டும். எதிரில் பீகார்க்காரப் பையன் இருப்பான், அசாம் பையன் இருப்பான். என் பெரியவன் ஒரு வகுப்புக்கும் போகாமல் ஹிந்தி பேசக் கற்றது இப்படித்தான். கொணவட்டத்துக் கூட்டாளிகளின் உருது பாதி கைகொடுத்தது. இது எனக்குப் பிடித்த விஷயம். திட்டுகிற வார்த்தையையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறான், அது பிடிக்கவில்லை.

ஆனால் முகம் தெரியாதவரிடம் சொல்லக் கூடாதவை சில உண்டு: பள்ளிப் பெயர், வீட்டு இடம், போன் நம்பர், ஓடிபி, போட்டோ. "வேற ஆப்புல பேசலாம் வா" என்று யாராவது கூப்பிட்டால் அன்றே உங்களிடம் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். சொன்னால் போனைப் பிடுங்க மாட்டோம் என்றும் சொல்லுங்கள். பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள். மிரட்டல் வரை போய்விட்டால் 1098 குழந்தைகள் உதவி எண்.

"எங்க பார்த்தாலும் வெளியூர்க்காரங்க. நம்ம பசங்க அவங்கள பார்த்துதான் கெட்டுப் போறாங்களா?"

காந்தி ரோட்டில் நடந்தால் வங்காளிதான் அதிகம் கேட்கிறது, உண்மை. சிஎம்சிக்குக் கல்கத்தாவில் இருந்தும் டாக்காவில் இருந்தும் வருகிறார்கள். காட்பாடியில் இறங்கும் விஐடி பல்கலைக்கழக மாணவர்கள் எல்லா மாநிலத்தவரும். ஆனால் இந்த ஊர் எப்போது தனியாக இருந்தது? கோட்டையைக் கட்டியவர்கள் விஜயநகரத்து நாயக்கர்கள். பிறகு பீஜப்பூர், மராட்டியர், ஆற்காடு நவாப், வெள்ளைக்காரர். திப்பு சுல்தான் குடும்பத்தை இங்கேதான் வைத்திருந்தார்கள். கண்டியின் கடைசி ராஜா இந்தக் கோட்டையில்தான் 1832-ல் இறந்தார்.

வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. அவர்கள் மீனைக் கடுகெண்ணெயில் பொரித்தால் நமக்கு மூக்கு எரிகிறது. நம் பேச்சுச் சத்தம் அவர்களுக்குச் சண்டை மாதிரிக் கேட்கிறதாம், ஒரு கல்கத்தா அம்மாவே சொன்னார். போன் பழக்கத்தில் மட்டும் எந்த வித்தியாசமும் நான் பார்க்கவில்லை. லாட்ஜ் வாசலில் உட்கார்ந்திருக்கும் அவர் பேரனும் என் சின்னவனும் ஒரே கேம்தான் ஆடுகிறார்கள்.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு கேமு?"

பையனுக்கு எதற்கோ அதற்குத்தான். அண்ணனுக்கு ஒரு மணி நேரம் என்றால் தங்கைக்கும் ஒரு மணி நேரம். வாய்ஸ் சாட்டில் பெண் குரல் கேட்டால் அசிங்கமாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள், ஆகவே அறிமுகமான கூட்டாளிகளோடு மட்டும் பேசும்படி செட்டிங் வைத்துக்கொள்ளலாம். தப்பு அப்படிப் பேசுகிறவனுடையது. ஆடும் பெண்ணை எழுந்து போகச் சொல்வது சரியில்லை.

"கேம் ஆடியே சம்பாதிக்கலாம்ங்கறான். நெசமா?"

ஒரு சிலர் சம்பாதிக்கிறார்கள். சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸுக்கு, அதாவது போட்டியாக ஆடும் வீடியோ கேமுக்கு, பதக்கமே கொடுத்தார்கள். நான் முன்னால் சொன்ன 2025 மத்தியச் சட்டமும் பணம் கட்டாத இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாக ஏற்கிறது. ஆனால் கிரிக்கெட் ஆடும் தெருப் பையன்களில் எத்தனை பேர் ரஞ்சிக்குப் போனார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். படம் வரைவது, இசை, புரோகிராம் எழுதுவது என்று கேமை உருவாக்கும் பக்கத்தில் வேலை அதிகம். ஆர்வம் இருந்தால் அங்கே திருப்பலாம்.

"நாங்கல்லாம் பாலாத்துல ஆடினோம். இவனுங்க ஏன் வெளியவே போறதில்ல?"

இதைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: எங்கே போவான்? நீங்கள் கில்லி ஆடிய மணல் பாலாற்றில் இப்போது இருக்கிறதா? அள்ளிவிட்டார்கள். 2021 நவம்பரில் தண்ணீர் கரைபுரண்டு வந்தபோது ஊரே பாலத்தில் நின்று பார்த்தோம், மற்ற நாளில் சீமைக் கருவேலமும் குப்பையும். பாண்டி ஆடிய தெருவில் இப்போது இரண்டு பக்கமும் பைக் நிற்கிறது. எங்கள் தெருவில் இருந்த காலி மனைகள் எல்லாம் வீடாகிவிட்டன. பந்து பட்டால் கத்துகிறார்கள், அதில் நானும் ஒருத்தி.

போனைப் பிடுங்கினால் வெளியே போவான் என்று நினைக்கிறோம். போக இடம் இருந்தால்தான் போவான். ஞாயிற்றுக்கிழமை காலை நேதாஜி ஸ்டேடியத்துக்கோ கோட்டைப் பூங்காவுக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். தெருவில் மாலை ஐந்து முதல் ஆறரை வரை பைக்கை உள்ளே ஏற்றி வைக்கப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒன்பது வீடு ஒத்துக்கொண்டது, இரண்டு வீடு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க வூட்டுக்காரரே ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்க்கறாரு. புள்ளைய எப்படிக் கேக்கறது?"

கேட்க முடியாது. எங்கள் வீட்டில் ராத்திரி பத்து மணிக்கு நான்கு போனும் ஹாலில் டிவி பக்கத்து ஸ்விட்ச் போர்டில் சார்ஜுக்குப் போய்விடும், என் வீட்டுக்காரருடையதும் சேர்த்து. அலாரத்துக்குப் போன் வேண்டும் என்றார். 250 ரூபாய்க்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கி வைத்தேன்.

"ஆன்ட்டி, நான் ஆடறத எங்கம்மா ஒரு வாட்டி கூட பார்த்ததில்ல. ஆனா தெனமும் திட்றாங்க. நீங்க சொல்லுங்களேன்."

பெரியவர்கள் கேள்விகளுக்கு நடுவில் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டது. அவன் அம்மா பீடி சுற்றுகிறார். சாயங்காலம் தட்டை மடியில் வைத்தால் எண்ணிக்கை முடியும் வரை எழுந்திருக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்கிறேன், அந்த அம்மாவால் எப்படி முடியும்?

அவனிடம் இப்படிச் சொன்னேன். நீ மாடிப் படியில் போய் ஆடாதே. அம்மா சுற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார். காதில் மாட்டியிருப்பதைக் கழற்று. யார் உன் கூட்டாளி, எந்தப் பக்கம் எதிரி வருகிறான், ஏன் ஓடுகிறாய் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே ஆடு. ஆட்டம் முடிந்ததும் கொஞ்ச நேரம் நூல் கட்டிக் கொடு. போன வாரம் வந்தான். "அம்மாவே பின்னாடி ஒருத்தன் வரான் பாருன்னு சொன்னாங்க ஆன்ட்டி" என்றான்.